கரடி வைத்திருந்த பேக்கேஜ்

"ஒரே ஒரு ஆளால ஊரே நிக்குது அத்தை!" என்று லேப்டாப்பைப் பார்த்தபடியே புலம்பினாள் மருமகள்.

மாமியார் பஸ் டிப்போ மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தாமதம் என்ற சொல் காதில் விழுந்தாலே போதும், மனுஷிக்கு மூக்கு மேல் கோபம் வந்துவிடும். மடித்துக்கொண்டிருந்த துணிகளை அப்படியே போட்டுவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"யாரும்மா அது? விவரமா சொல்லு."

"நாங்க பல பேர் சேர்ந்து லினக்ஸ்னு கம்ப்யூட்டரை ஓட்டற சாஃப்ட்வேர் தயார் பண்றோம்ல? அதுக்குள்ள பேக்கேஜ்னு நிறைய குட்டி புரோகிராம் இருக்கு, பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் மொழியில எழுதினது. இப்ப பைத்தான்ல புது வெர்ஷன் வந்திருக்கு. அதுக்கு ஏத்த மாதிரி எல்லாத்தையும் திரும்ப பில்ட் பண்ணணும். அவங்கவங்க பேக்கேஜை அவங்கவங்கதான் சரி பண்ணணும். விரட்டி வேலை வாங்கறது என் பொறுப்பு."

"நீ விரட்டியுமா முடியல?"

"ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அதை வெச்சிருக்கிற ஆளுக்கு எங்க குழுவுல கரடின்னு பேரு. அது சரியானாதான் அதை நம்பி இருக்கிற மத்ததெல்லாம் நகரும். இன்னிக்கு சாயங்காலம் கடைசி. தவறினா இந்தத் தடவை புது பைத்தானே கிடையாது. இத்தனை மாசம் எல்லாரும் உழைச்சது அம்போ!"

"நீயே சரி பண்ணிட வேண்டியதுதானே?"

"அடுத்தவங்க பேக்கேஜ்ல கேட்காம கை வைக்கிற வழக்கம் இல்ல அத்தை. கேட்டா, 'நானே பார்த்துக்கறேன், நாளைக்கு'ன்னு பதில். தினமும் அதே நாளைக்கு!"

"பேருக்கேத்த மாதிரி நல்லா கரடி விடறான்! என் டிப்போ வாசல்ல ஒரு பஸ் மறிச்சு நின்னா, டிரைவரை உண்டு இல்லைன்னு பண்ணிடுவேன். நீ இப்படி தயவு பார்த்தா, உன் தலையில மிளகாய் அரைச்சிட்டுப் போயிடுவான்."

"ராத்திரியெல்லாம் கேம் விளையாடினா, பாவம், பகல்ல எப்படி வேலை ஓடும்?"

"கேம் வேறயா! அவனைப் பெத்தவ என்னத்தை வளர்த்தா? செல்லம் குடுத்துக் குட்டிச்சுவராக்கி வெச்சிருக்கா!"

"அவங்க நல்லவங்கதான் அத்தை..."

"நல்லவளாவது, மண்ணாவது! அவ நம்பரைக் குடு. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன்."

மருமகள் எழுந்து மாமியாரின் தோளில் கை போட்டு, படுக்கையறைப் பக்கம் மெல்லத் திருப்பினாள்.

"நம்பர் எதுக்கு அத்தை? முதல்லயே ஆள் யாருன்னு சொல்லியிருந்தா நீங்க கட்சி மாறியிருப்பீங்க. இப்ப இந்தக் கோபம் ஆறறதுக்குள்ள, உள்ளே இழுத்துப் போர்த்திட்டுத் தூங்கற உங்க பிள்ளையைப் போய் எழுப்புங்க!"