நாரை விசிறி

"மதினி, ஒம் மருமக என்ன சினிமாக்காரியா? வந்ததுலருந்து அந்த விசிறிய நெஞ்சை விட்டு எடுக்கல!"

நாத்தனார் செபஸ்தியம்மாள் காதைக் கடித்தாள். ஜோதிமேரிக்குச் சுருக்கென்றது.

பாம்பன் மாதா கோயிலில் கல்யாணப் பூசை முடிந்து, சாமியார் மந்திரித்துக் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை எட்வர்ட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் லீமாரோஸ். கையில், சிங்கப்பூர்ச் சித்தப்பா கொடுத்த மடக்கு விசிறி.

சேலை மயில்கழுத்து நிறப் பட்டு. ராமநாதபுரத்தில் நாலு கடை ஏறி இறங்கி எடுத்தது. மந்திரிக்கும் முன் மடிப்பைப் பிரிக்கக் கூடாதென்று கடையில் கட்டிக் கொடுத்தபடியே பெட்டியில் வைத்து, தெருப்பூராவும் பெருமையடித்திருந்தாள் ஜோதிமேரி. அதைப் போய் இந்தப் பெண் ஒரு காகித விசிறியால் மறைக்கிறாளே!

முறைக்கத்தான் பார்த்தாள். கண் விசிறியிலேயே சொக்கிப் போனது. பால்நிலா, பனி மூடிய தண்ணீர், நாலு வெள்ளை நாரைகள். லீமாரோஸ் மூச்சு விட விட, நாரைகள் மெல்ல எழும்பித் தாழ்ந்தன. பந்தல் இரைச்சல் எங்கோ தொலைவில் கேட்டது. அந்தத் தண்ணீரில் கால் நனையாமலே நடந்து போய்விடலாம் போலிருந்தது.

"அம்மா, விசிறிய எடுக்கச் சொல்லுங்க. படத்துல சேலை விழ மாட்டேங்குது" என்றார் போட்டோக்காரர் சதக்.

கனவு கலைந்தது. விறுவிறுவென்று மேடை ஏறினாள்.

"மடக்கு லீமா."

"வேணாம் மாமி."

"நான் எடுத்த சேலை ஒனக்கு அம்புட்டு எளப்பமாப் போச்சா?"

வெடுக்கென்று விசிறியை விலக்கினாள்.

நெஞ்சுக்கு நேரே, உள்ளங்கை அகலத்துக்குப் பட்டு சாயம் போய் உப்புப் பூத்துக் கிடந்தது.

ஜோதிமேரிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பாம்பனுக்கு ரோட்டுப் பாலம் வராத காலம்; சேலை எடுத்த அன்று ரயிலைத் தவறவிட்டு, மண்டபத்திலிருந்து வள்ளத்தில் கடல் தாண்டி வந்திருந்தாள். பொட்டலம் மடியில்தான் இருந்தது.

"கடத்தண்ணி தெறிச்சிருக்கு மாமி" லீமாரோஸ் கிசுகிசுத்தாள். "பிரிச்சப்பத்தான் பாத்தேன். எங்க அம்மாவக்கூட வெளிய அனுப்பிட்டு நானே கட்டுனேன். எங்க ஆளுக உங்கள ஒரு சொல்லு சொல்லிறக் கூடாதுல்ல."

ஜோதிமேரிக்குக் கண் கலங்கியது. தன் கையாலேயே விசிறியை விரித்து மருமகளின் நெஞ்சோடு சேர்த்து வைத்தாள்.

"தம்பி, விசிறியோடவே எடுங்க" என்றாள். "எம் மருமக அழகு அப்பத்தான் முழுசா விழும்."