ஏழாம் நம்பர் கார்

ரேஸின் ஆறாம் நம்பர் கார் மலைப்பாதை முடக்கில் வளைந்து திரும்பியபோது தெறித்த கல் என் முழங்காலைப் பதம் பார்த்தது. நான் நகரவில்லை.

அடுத்தது ஏழு. அதை ஓட்டி வருகிறவன் என் அண்ணன் வியாகுலம். இது மூன்று பேருக்குத்தான் தெரியும்: அண்ணனுக்கு, எனக்கு, எங்கள் தோட்டத்துத் துரைக்கு.

துரை முந்தின நாள் குதிரையிலிருந்து விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டார். ரேஸிலிருந்து விலகிக்கொள்ள மனமில்லை. பக்கத்துத் தோட்டத்துத் துரையிடம் அவ்வளவு வாய்ச்சவடால் அடித்திருந்தார். ஆகவே தன் ஹெல்மெட்டையும் கண்ணாடியையும் டிரைவரான அண்ணனுக்கு மாட்டி, மூக்குவரை மஃப்ளரைச் சுற்றி அனுப்பிவிட்டு, மேலே தேயிலைக்குள் ஒளிந்து உட்கார்ந்திருந்தார். நன்றாக அட்டை கடித்திருக்கும்.

நான் நுவரெலியாவில் ஒரு ஸ்டூடியோவில் படம் கழுவுகிறவன். முடக்கில் நின்று ரேஸைப் படம் பிடிக்கச் சம்பளமில்லாமல் ஓர் ஆள் வேண்டுமென்று ரேஸ் நடத்தும் கிளப்பில் கேட்டார்கள். உயிர்மேல் ஆசையுள்ள எவனும் வாய் திறக்கவில்லை. நான் கை தூக்கினேன்.

காரணம் இருந்தது. முடக்கில் வேகம் குறையும்போது ஒரே ஒரு நொடி முகத்தைக் காட்டுவதாக அண்ணன் சொல்லியிருந்தான். எனக்கு இருபதடி கீழே, பாதையோரம், எங்கள் லயத்து வரிசை வீடுகளின் சனத்தோடு நிற்கிற அம்மா பார்ப்பதற்காக. வேறு யார் கண்ணிலாவது பட்டால் வேலை போய்விடும். போனால் போகட்டும், அம்மா பார்க்க வேண்டும் என்றான்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அந்தோனியாரைக் கூப்பிட்டு அங்கேயே கூப்பாடு போட்டுவிடுவாள்.

"ஏழாம் நம்பர் கார மட்டும் கண்ண எடுக்காம பாரும்மா" என்றேன். சரியென்று தலையாட்டினாள்.

தூறிக்கொண்டிருந்தது. பாதையோரம் வரிசையாகக் கறுப்புக் குடைகள். ஆறு கார்களையும் எங்கள் சனம் கைதட்டி, கூச்சல் போட்டு ரசித்தது. அதெல்லாம் எவரோ ஊர் பேர் தெரியாத துரைமார்.

கீழே ஏழு உறுமியது. மேல்மூடி இல்லாத பச்சைக் கார். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்குத் தினமும் வருகிற எங்கள் துரையின் கார்.

கைதட்டல் நின்றது.

கார் முடக்குக்குள் நுழைந்தது. அண்ணன் கண்ணாடியை ஏற்றினான், மஃப்ளரை இறக்கினான். அம்மா நின்ற பக்கம் திரும்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

வரிசை முழுதும் இரண்டடி பின்வாங்கியது. தலைத்துண்டுகள் இறங்கின. குடைகள் மடங்கின. தோட்டத்துப் பாதையில் துரை கார் வந்தால் வைக்கிற அதே சலாம். அம்மாவும் குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டாள்.

ஐயோ அம்மா, நிமிர்ந்து தொலையேன்!

விரல் தன்பாட்டில் காமிராப் பொத்தானை அமுக்கிவிட்டது. கார் போய்விட்டது. குனிந்த தலைகளில் ஒன்றுகூட அவனைப் பார்க்கவில்லை.

ஏழாம் நம்பர் படம் சரியாக விழவில்லை என்று கிளப்பில் சொல்லிவிட்டேன். உண்மையில் அந்த ஒன்றுதான் அச்சடித்தாற்போல் விழுந்திருந்தது. அம்மா பார்த்தாளா, சிரித்தாளா என்று அண்ணன் என்னைத் துளைத்தெடுத்தான். நான் எதையோ சொல்லி மழுப்பினேன்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த அம்மாவின் கையில் படத்தைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன்.

மூத்தவன் முகத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு விரல் நகர்ந்து, குனிந்து நிற்கிற தன்மேல் வந்து நின்றது. அழப்போகிறாள், ஏன்தான் காட்டினேனோ என்று படத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்.

அம்மா சிரித்தாள்.

"முப்பது வருசமா எவனெவனுக்கோ மடக்குன கொடைடா. அன்னைக்கு ஒரு நாளுதான் எம்புள்ளைக்கு மடக்கியிருக்கேன்."