குணாவின் வலது கை

ஆர்.கே.பேட்டைப் பாறையடியில், மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான் பென்னி. மேலே சுகிர்தா ஏறிக்கொண்டிருக்கிறாள். அவள் இடுப்பிலிருந்து உச்சி வளையம் வழியாக இறங்கும் கயிற்றை, அவள் விழாதபடி கீழே நின்று பிடித்திருப்பவன் குணா. போன மாதம் குளவியை விரட்டப் போய்க் கயிற்றைக் கைவிட்டவனும் அவன்தான், விழுந்தவன் பென்னி. ஏறுகிறவன் கண்ணில் ஒருநாளும் படாத, கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் குணாவின் அந்த வலது கையை இப்போது வேடிக்கை பார்க்கிறான் பென்னி. சாயங்கால வெயிலில் வியர்வை மின்னுகிறது. கட்டெறும்பு ஒன்று மணிக்கட்டில் ஏறி நிற்கிறது, கடிக்கிறது. விரல்கள் இறுகுகின்றனவே தவிர, விலகவில்லை.

“கடிக்குதாடா?” என்கிறான் பென்னி.

“கடிச்சிக்கினேதான் கீது.” குணாவின் பார்வை சுகிர்தாவை விட்டு இறங்கவில்லை.

“தட்டி வுடேன்.”

“அவ எறங்கட்டும்.”

பென்னி கட்டுக்காலை இழுத்துக்கொண்டு நகர்ந்து வந்து, அந்தக் கை அசையாதபடி எறும்பைக் கிள்ளி எடுக்கிறான்.