உம்மு கல்ஃபானின் மூக்கு

"கரியக் கொண்டாங்கடி" என்றாள் உம்மு கல்ஃபான்.

நான் தூபக்காலைத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்று கரித்துண்டுகள். மேலே சாம்பல் பூத்து உள்ளே சிவந்திருந்தன. கரி கொண்டுபோவது மட்டும்தான் என் வேலை. அதன்மேல் தூபத்தூளைத் தூவுவது ரய்யாவின் வேலை.

ரய்யா என் பக்கத்து வீட்டுக்காரி. வீட்டிலேயே அத்தரும் தூபமும் செய்து விற்கிறாள். புருஷன் படகிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் சோறு வேகிறது என்றால் அது இந்த வாசனையால்தான்.

இன்றைக்கு அவள் சரக்குக்குப் பரீட்சை. மணப்பெண் ஷம்ஸாவின் கல்யாணப் பெட்டிக்கு ரய்யாதான் வாசனை செய்கிறாள். உம்மு கல்ஃபான் மாப்பிள்ளையின் அத்தை. எங்கள் சூர் ஊர் முழுக்க அவள் மூக்குக்குத் தனி மரியாதை.

போன வருஷம் இதேபோல், தூபம் விற்றுக்கொண்டிருந்த ஜோகாவின் வீட்டில் உட்கார்ந்தாள். ஒரு தடவை மோந்தாள். "கெமிக்கல்" என்றாள். அவ்வளவுதான். ஜோகாவிடம் அவள் கூடப்பிறந்தவள்கூட வாங்கவில்லை. இப்போது ஜோகா ஊறுகாய் போடுகிறாள்.

ரய்யா கெமிக்கல் போட்டிருந்தாள். மறைக்க என்ன இருக்கிறது.

முதலில் சுத்தமாகத்தான் செய்தாள். ஊது என்கிற அகில் மரத்தூள், குங்குமப்பூ, பன்னீர், சர்க்கரைப் பாகு, அவள் அப்பா கடற்கரையில் பொறுக்கிய அசல் திமிங்கல அம்பரில் ஒரு துணுக்கு. ஷம்ஸாவின் அம்மா மோந்துவிட்டு டப்பாவைத் தள்ளினாள். "என்னடி இது, ஆட்டுக்கொட்டாய் மாதிரி அடிக்குது. என் புள்ளை துணிக்கு இதையா காட்டறது?"

அப்புறம்தான் ரய்யா மஸ்கட்டிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டி வரவழைத்தாள். தொழிற்சாலைக் கஸ்தூரி. அரிசி மூட்டைக்குள் ஒளித்துவைத்து, ஒரு கிண்ணத்துக்கு மூன்று சொட்டு விட்டாள். அதே அம்மா அதை மோந்து கண்கலங்கினாள். "இதுதான் அசல்."

டப்பாவின்மேல் இயற்கை என்று எழுதியிருக்க வேண்டும். மூக்குக்கு மட்டும் இயற்கை ஆகாது.

ரய்யா வீட்டுக் கூடத்தில் எட்டுப் பெண்கள். காப்பி முடிந்திருந்தது. பேரீச்சங்கொட்டைகள் தட்டில் கிடந்தன. ரய்யாவின் மூடிய கையில் டப்பா.

"அத்தர் எண்ணெயில போட்டு மறைச்சிடுவாளுங்க" என்று உம்மு கல்ஃபான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். "கரியில பட்டா கெமிக்கல் தானா கத்தும். நான் கலப்படத்தத் தொட்டதே இல்ல. இந்தத் தலைத்துணியப் பாரு, அசல் பட்டு. இந்தியாவுல நெய்தது."

பேச்சோடு பேச்சாக என் கையிலிருந்து தூபக்காலை வாங்கினாள். எங்கள் பெண்கள் எல்லோரும் செய்வதுதான். மோவாய்க்குக் கீழே பிடித்து, தலைத்துணியின் முன்பக்கத்தைக் கூடாரம்போல் அதன்மேல் கவிழ்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

புகை எழுந்தது.

வாசம் கூடம் முழுக்கப் பரவியது. எனக்கு அந்த வாசம் தெரியும். நாள் தவறாமல் மோக்கிற வாசம். ஆனால் நான் வலை சீர்படுத்துகிறவள். என் மூக்கை யாரும் கேட்பதில்லை.

ஒருத்தி காப்பிக் கோப்பைக்குள் இருமினாள். மசக்கைக்காரி ஒருத்தி தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரய்யாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

உம்மு கல்ஃபான் கண்ணைத் திறக்கவில்லை. இன்னொரு தடவை ஆழமாக இழுத்தாள்.

"மாஷா அல்லாஹ்" என்றாள். "இதாண்டி ஊது. என் மாமியார் போனதுக்கப்புறம் இப்படி ஒண்ண இன்னிக்குத்தான் மோக்கிறேன். ஒரு பொட்டு கெமிக்கல் இல்ல."

எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

"ஆரம்பத்துல காட்டமா இருக்கும். அசல்னா அப்படித்தான்" என்றாள் இருமியவள்.

தூபக்கால் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. ஒருத்திக்குக் குங்குமப்பூ தெரிந்தது. இன்னொருத்திக்கு அம்பர். மசக்கைக்காரிகூடக் குனிந்து ஒரு தடவை மோந்து, தலையை ஆட்டிவிட்டு வேகமாகப் பின்கட்டுக்குப் போனாள்.

"உம்மு கல்ஃபான், கொஞ்சம் இருங்க, நான் இன்னும்..." என்று ரய்யா வாயெடுத்தாள்.

"போதும் புள்ளே. இதுக்கு மேல என்ன இருக்கு?"

தூபம் சுற்றி வந்துவிட்டால் எங்கள் ஊரில் விருந்தாளி உட்காரமாட்டாள். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். வாசலில் செருப்பைத் தேடியபடி உம்மு கல்ஃபான் திரும்பினாள்.

"கல்யாணப் பெட்டிக்கு இதேதான். எனக்குத் தனியா பத்து டப்பா. வாசம் துளி மாறினாலும் என் மூக்கு பிடிச்சிடும், பாத்துக்கோ."

அவள் திரும்பியபோதுதான் கவனித்தேன். தலைத்துணியின் ஓரத்தில் பேரீச்சங்கொட்டை அளவுக்கு ஒரு ஓட்டை. ஓட்டையைச் சுற்றிக் கறுப்பாக, மணிமணியாக உருகி இறுகியிருந்தது.

கதவு சாத்தியதும் தூபக்காலுக்குள் எட்டிப் பார்த்தேன். மூன்று கரி. ஒன்றின்மேல் பளபளவென்று ஒரு கறுப்புச் சொட்டு. வேறு எதுவும் இல்லை.

ரய்யா கையை விரித்தாள். டப்பாவின் மூடியைச் சுற்றி அவள் ஒட்டிய நாடா அப்படியே இருந்தது.

"பிரிக்க விரல் வரலடி. அதுக்குள்ள அவங்க தூபக்கால வாங்கிட்டாங்க."

பட்டு பொசுங்கினால் மயிர் கருகிய வாசம் வரும். கடற்கரையில் உட்கார்ந்து நைலான் வலையின் முடிச்சுகளை நெருப்பில் காட்டிக் காட்டி இறுக்குகிறேனே, அப்போது வருவது கூடத்தில் இன்னும் நிற்கிற இந்த வாசம்.

ரய்யா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"பத்து டப்பாடி. பெட்டிக்கு வேற. இதே வாசத்துக்கு நான் எங்க போவேன்?"

என் வீட்டுக் கொல்லையில் பழைய வலை நாலு கிடக்கிறது என்றேன்.