கப்பலில் வந்த நடவாட்கள்

வரப்போரம் வந்து நின்ற நடவு மெஷினை, "வேணாம், திருப்பிக்கிட்டுப் போப்பா" என்று அனுப்பிவிட்டார் வயலுக்குச் சொந்தக்காரர் வைத்தியலிங்கம். நடவுக்கு வந்திருந்த கலைமகளுக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

ஊரில் மற்ற வயலெல்லாம் மெஷினுக்குப் போய்விட்டது. இந்த வருஷம் கை நடவுக்கு மிச்சமிருந்தது இவர் வயல் ஒன்றுதான். இதுவும் போனால் அவள் வீட்டு அடுப்பில் பூனை தூங்கும்.

வெயில் ஏறியதும் ஒரு ஏசி பஸ் வந்தது. துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் நிற்கிறதாம். கப்பல் வந்தால் போதாதாம், இறங்குகிறவர்களுக்குக் காட்ட ஒரு ஊரும் வேண்டுமாம். அந்த மகராசன்களுக்கு இந்த ஊர்தான் கிடைத்தது.

வெள்ளைக்காரர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். ஒருத்தி நாற்றுமுடியைக் கல்யாணப்பெண் பூச்செண்டு பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள். ஒருவன் கலைமகள் நட்ட வரிசையை மிதித்துக்கொண்டே சிரித்தான்.

"ஒரு குலவை போடுங்கக்கா, ஆசைப்படுறாங்க" என்றான் அவர்களைக் கூட்டி வந்த ராம்கி.

"நாத்தை மிதிக்கிறவனுக்குக் குலவை ஒரு கேடா?" என்றாள் கலைமகள்.

வைத்தியலிங்கம் வரப்பில் நின்று கும்பிட்டபடியே இருந்தார். ஒரு நாற்று கோணினாலும் ஊரைக் கூட்டுகிற மனுஷன், இன்றைக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அய்யா, வயலைப் பாழாக்குறாங்க."

"விடும்மா, போகப் போகப் பழகிடுவாங்க."

கால் கழுவிவிட்டு அவர்கள் பஸ் ஏறியபோது, துடைத்துப் போட்ட காகிதமெல்லாம் வாய்க்காலில் மிதந்தது. கலைமகள் காறித் துப்பினாள்.

"இவனுங்க கோணலா நட்டதெல்லாம் நம்ம தலையிலதான் விடியும்" என்றாள் கூட நட்ட தங்கம்மாள்.

"விடியட்டும்க்கா. அதுக்கும் கூலி உண்டுல்ல."

அந்த நினைப்பில் கலைமகளுக்கு அருவருப்புகூடக் கொஞ்சம் அடங்கியது. இன்னும் பாதி வயல் நடாமல் கிடந்தது. கையைக் கழுவிக்கொண்டு வைத்தியலிங்கத்திடம் போனாள்.

"நாளைக்கு எப்ப வரணுங்கய்யா?"

பஸ் போன பாதையைப் பார்த்தபடியே அவர் சொன்னார்:

"நீங்க வர வேணாம்மா. காசு குடுத்துட்டு வந்து நடுறதுக்கு, கப்பல்ல இன்னும் ரெண்டாயிரம் பேரு இருக்காங்க."