அரைக் கூடைக் கச்சேரி

முயல் ஒன்று தன் மகள் கல்யாணத்தில் பாட ஆள் தேடியது. மைனா ஒரு கூடை கேரட் கேட்டது.

"நடுநடுவே பாட்டை நிறுத்தி, நரி வருதான்னு காது கொடுத்துக் கேப்பேன். கூலி அதுக்கும் சேர்த்துத்தான்."

"சும்மா இருக்கிறதுக்கும் கூலியா?" என்று சிரித்த முயல், அரைக் கூடைக்கு ஓயாமல் கத்துவதாகச் சொன்ன தவளையைப் பேசி முடித்தது.

கல்யாணத்தன்று தவளை போட்ட சத்தத்தில் எல்லா முயல்களும் மெய்மறந்து ஆடின. நரி வந்தது யாருக்கும் கேட்கவில்லை. அது மணப்பெண்ணைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

துக்கம் விசாரிக்க வந்த பக்கத்து வளை முயல் வெகுநேரம் அழுதது. கிளம்பும்போது தயங்கி நின்றது.

"அண்ணே, தை மாசம் எங்க வீட்லயும் கல்யாணம். தவளைக்கு எவ்வளவு குடுத்தீங்க?"

"அரைக் கூடை," என்றது அப்பா முயல், மண்ணைப் பார்த்தபடி.

"அவ்வளவுதானா!" வந்த முயலின் முகம் மலர்ந்தது. "எந்தக் குளத்துல இருக்கு அது?"