ஒரு நாள் தெலுங்கு

"தமிழ்-தெலுங்கு எல்லைத் தகராறு நடக்கிற இடம். ஒரு வார்த்தை தமிழ் பேசிடாதே!" என்று புத்தூர் ஸ்டேஷனிலேயே மனைவி மனோரமாவை எச்சரித்தான் வரதராஜன். மதராஸிலிருந்து வந்தவர்கள், மறுநாள் கைலாசகோனை மலைக்குப் போவதாக ஏற்பாடு.

ஜட்காக்காரர் கன்னையாவிடம் தெரிந்த தெலுங்கில் பேசினான். அவரும் தெலுங்கிலேயே ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். நாராயணவனத்துக் கோயில், கடைத்தெரு எல்லாம் காட்டினார். போன இடமெல்லாம் அவர் முன்னால் ஓடி ஏதோ கிசுகிசுக்க, எல்லோரும் தெலுங்கிலேயே வரவேற்றார்கள். மனோரமா பசிக்கிறது என்றுகூடச் சொல்லாமல் பொழுதைக் கழித்தாள்.

மறுநாள் மலையடிவாரத்தில், குரங்கு ஒன்று அவள் கையிலிருந்த பொட்டலத்தைப் பறித்தது.

"ஐயோ, என் புளியோதரை!"

கன்னையா திகைத்து நின்றார். "நீங்க தமிழாம்மா? எல்லை பிரிக்க வந்த தெலுங்கு ஆபீசர்னு நெனச்சிக்கினு, யாரும் தமிழ் பேசாதீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு வந்தேனே!"

வரதராஜன் அவர் பக்கம் திரும்பினான். "அப்போ நேத்து நாம பார்த்தவங்கள்ல தெலுங்குக்காரங்க யாருய்யா?"

"நீங்க ஒருத்தர்தான்னு நெனச்சேன் சாமி!"